வீட்டுக் குளம்: மண்ணும் தண்ணீரும் சொல்லும் கணக்கு

வீட்டில் நீச்சல் குளம் கட்டுவது பற்றிய பேச்சு பெரும்பாலும் வடிவத்தில் தொடங்கி டைல்ஸ் நிறத்தில் முடிந்துவிடுகிறது. செவ்வகமா, வளைவா? நீல மொசைக்கா, பச்சைக் கல்லா? விளக்கு எத்தனை? கிழக்குக் கடற்கரைச் சாலையின் பண்ணை வீடுகளிலும் கோவைப் புறநகரின் தனி வீடுகளிலும் இப்போது குளம் அரிய காட்சி இல்லை. ஆசைப்படுகிறவர்கள் தொகை கூடக் கூட, படம் வரைந்து காட்டுகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் படத்தில் வராத மூன்று விஷயங்கள்தான் குளம் நிலைக்குமா, கசியுமா, பாசி பிடித்துக் கிடக்குமா என்பதை முடிவு செய்கின்றன. அடியில் உள்ள மண், அதற்கும் கீழே உள்ள நிலத்தடி நீர், தொட்டியை நிரப்பப்போகும் தண்ணீர். இவை மூன்றையும் விசாரித்த பிறகு வடிவத்தைப் பேசினால் போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

கணக்குகள் கண்முன் நிற்பதற்காக ஒரே ஓர் அளவை வைத்துக்கொள்வோம். நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், தண்ணீரின் ஆழம் எங்கும் ஒரே சீராக 1.2 மீட்டர், அதாவது நாலடி. கொள்ளளவு 38,400 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் மூன்று வந்தும் கொஞ்சம் குறையும்.

இந்த நாலடி ஆழத்தை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் எட்டடி என்று சரிவாகக் கட்டுவது பொதுக் குளங்களிலிருந்து வந்த வழக்கம். எட்டு மீட்டர் நீளத்தில் அந்தச் சரிவு எதற்கும் உதவாது. ஆழமான பகுதியில் யாரும் நிற்க முடியாது. பாதுகாப்பாகத் தலைகீழாகக் குதிக்கவும் அந்த ஆழமும் நீளமும் போதாது. தண்ணீரும் மருந்துச் செலவும் மட்டும் கூடும். நாலடித் தண்ணீரில் பெரியவர்கள் நெஞ்சளவில் நின்று நடக்கலாம், நீந்தலாம், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம். தலைகீழாகக் குதிப்பதை மட்டும் முழுமையாக விலக்க வேண்டும். ஆழமில்லாத தண்ணீரில் தலை மோதி கழுத்தெலும்பு முறிந்தால், மிச்ச வாழ்நாள் முழுக்கக் கை கால் செயலிழந்து போகக்கூடும். உடற்பயிற்சிக்காகத்தான் குளம் என்றால் அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டலாம். இடம் இல்லாதவர்கள் இடுப்பில் மீள்கயிற்றைக் கட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே நீந்தலாம். அதற்கு 4 மீட்டருக்கு 2.5 மீட்டர் தொட்டி போதும். அது ஒரு லாரித் தண்ணீரில் நிரம்பிவிடும்.

இனி மண்ணுக்கு வருவோம். நம் அளவுள்ள குளத்துக்கு, சென்ட்ரிங் அடிக்கச் சுற்றிலும் இரண்டடி இடம் விட்டுத் தோண்டினால் 90 கன மீட்டருக்கு மேல் மண் வரும். மண் வியாபாரத்தில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அந்தக் கணக்கில் தரையில் இருந்தபோது 32 யூனிட். தோண்டிய பின் உதிர்ந்து பருத்து ஏறக்குறைய 40 யூனிட். இதை எங்கே கொட்டுவது, டிப்பர் லாரி வீட்டுக்குள் வந்து திரும்ப வழியுண்டா, ஜேசிபி நுழையுமா என்ற கேள்விகளை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டவர்கள் பின்னால் அந்தச் செலவைத் தனியே சுமக்கிறார்கள். மதில் ஓரமாகத் தோண்டினால் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தின் பிடிமானமும் தளரும்.

மண்ணின் குணம் ஊருக்கு ஊர் மாறும். கடற்கரை மணலில் பள்ளத்தின் கரை நிற்காமல் சரியும்; சில அடியிலேயே ஊற்றெடுக்கும்; மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டேதான் கான்கிரீட் போட முடியும். கோவை, மதுரை, விருதுநகர் பக்கத்துக் கரிசல் மண் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும். அந்த அசைவு சுவரைத் தள்ளும். கரிசலில் கட்டுகிறவர்கள் சுற்றிலும் அந்த மண்ணை எடுத்துவிட்டுக் கிராவலை நிரப்பி இறுக்குவதை விட்டுவிடக் கூடாது. பாறை இருந்தால் அடித்தளம் உறுதி, ஆனால் உடைக்கும் செலவு கூடுதல். எப்படியானாலும் குளத்தின் ஆழத்தைவிட மூன்று நான்கு அடி கூடுதலாக ஒரு சோதனைக் குழி தோண்டிப் பார்க்க வேண்டும். அதையும் கோடையில் பார்த்து முடிவு செய்வது ஏமாற்றும். நிலத்தடி நீர் எந்த அளவுக்கு ஏறும் என்பது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் தெரியும். பக்கத்து வீட்டுக் கிணற்றில் மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று அக்கம்பக்கத்தில் பழகியவரைக் கேட்டாலே பாதி ஆய்வு முடிந்த மாதிரி.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. காலியான குளம் நிலத்தடி நீரில் ஓடம் போல மிதக்கும். நம்புவதற்குக் கடினமான இந்த உண்மையைக் கணக்கு எளிதாகக் காட்டிவிடும். நம் தொட்டியின் உள்ளாழம் 1.35 மீட்டர், சுவரும் அடித்தளமும் 20 சென்டிமீட்டர் கனம் என்று வைத்தால், மொத்தக் கான்கிரீட் ஏறக்குறைய 14 கன மீட்டர்; எடை 35 டன். தொட்டி பிடித்திருக்கும் மொத்த இடமோ 57 கன மீட்டர். நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறினால் அது தொட்டியை 57 டன் விசையோடு மேலே தள்ளும். தரைக்கு இரண்டடி கீழே வரை ஏறினாலே தள்ளும் விசையும் தொட்டியின் எடையும் சமமாகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை ஆபத்தில்லை. சுத்தம் செய்யலாம் என்று மழைக்காலத்தில் இறைத்துக் காலி செய்தால்தான் விபரீதம்: தொட்டி ஒரு முனையில் எழும், குழாய்கள் முறியும், சுற்றியுள்ள தரை பிளக்கும். பைபர் கிளாஸ் தொட்டி இன்னும் லேசானது. அதனால் இன்னும் எளிதாக எழும்பும். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற சதுப்பு ஓரங்களிலும் கடற்கரை மணலிலும் கட்டுகிறவர்கள் இதைத் தூக்கம் கெடும் அளவுக்கு நினைக்கலாம், தவறில்லை.

தடுக்கும் வழிகள் எளியவை. அடித்தளத்துக்குக் கீழே ஜல்லிப் படுகை ஒன்று போட்டு, அதிலிருந்து ஓர் அகலக் குழாயைத் தரைமட்டம் வரை நிறுத்தி வைத்தால், எப்போது வேண்டுமானாலும் மூடியைத் திறந்து அடிநீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கலாம். தேவைப்பட்டால் அதற்குள் மோட்டாரை இறக்கி இறைக்கலாம். அடித்தளத்தில் அழுத்தம் விடுவிக்கும் வால்வு வைத்தால் வெளிநீர் உள்ளே புகுந்து அழுத்தத்தைச் சமன் செய்யும். அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே ஒன்றரை அடி நீட்டினால் அதன்மேல் நிற்கும் மண்ணும் தொட்டியை அழுத்திப் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்யாமலிருப்பதற்கு ஒரு பைசாவும் செலவில்லை.

கட்டுமானத்தில் மூன்று வழிகள் உண்டு. ஆலையில் வார்த்து லாரியில் வரும் பைபர் கிளாஸ் தொட்டி விரைவாக முடியும். ஆனால் அதன் அகலத்தைச் சாலை தீர்மானிக்கிறது, குறுகிய தெருவுக்குள் வராது. பலகைச் சுவருக்குள் வினைல் விரிப்பு பொருத்தும் முறை மலிவு. விரிப்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மூன்றாவது ஆர்.சி.சி. நம் ஊரில் கொத்தனாரும் கம்பி கட்டுகிறவரும் நன்கறிந்தது இதுதான் என்பதால் பெரும்பாலோர் இதற்கே வருகிறார்கள். சிலர் செலவைக் குறைக்கச் செங்கல் சுவர் எழுப்பி உள்ளே பூசிவிடுகிறார்கள். சுற்றுமண்ணின் தள்ளலையும் உள்நீரின் தள்ளலையும் மாறி மாறித் தாங்க வேண்டிய சுவருக்குச் செங்கல் ஏற்றதல்ல. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தண்ணீர்த் தொட்டிகளுக்கென்றே ஐ.எஸ். 3370 என்ற இந்தியத் தரக் குறியீடு இருக்கிறது. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 தரம் வேண்டும் என்பது அதன் விதி. சாதாரண வீட்டுத் தளத்துக்குப் போடும் எம்20 கலவை இங்கே போதாது. கம்பியின் அளவையும் இடைவெளியையும் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். மேஸ்திரியின் அனுபவம் எவ்வளவு பெரியதானாலும் இதற்கு ஈடாகாது. அடித்தளமும் சுவரும் சேரும் மூட்டில்தான் கசிவு பிறக்கிறது. ஒருநாள் தளம், பத்து நாள் கழித்துச் சுவர் என்று இழுத்தால் அந்த மூட்டில் நீர்த்தடுப்புப் பட்டை கட்டாயம் பதிக்க வேண்டும். வைப்ரேட்டர் சரியாக ஓட்டாத இடத்தில் ஜல்லி மட்டும் தெரியும் பொந்துகள் விழும். அவற்றை மேலாகப் பூசி மறைப்பதுதான் மிகப் பெரிய துரோகம். குழாய்கள் சுவரைத் துளைக்கும் இடங்களிலும் இதே கவனம் வேண்டும்.

நீர் கசியாமல் தடுக்கும் அக்கறை இந்த மண்ணுக்குப் புதிதில்லை. நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான மொகஞ்சதாரோவின் பெருங்குளம் ஏறக்குறைய 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம் கொண்டது. சுட்ட செங்கல்லை ஜிப்சம் சாந்தில் நெருக்கமாக வைத்து, பின்பக்கம் நிலக்கீல் பூச்சுக் கொடுத்திருக்கிறார்கள். நீர்த்தடுப்புப் பூச்சைத் தனி அடுக்காக எண்ணிய அந்தக் கவனம் இன்றைய வேலைத்தளங்களில் பலமுறை காணாமல் போகிறது. பூச்சு எந்த நிறுவனத்துடையது என்பதைவிட, பூசுவதற்கு முன்னால் கான்கிரீட் நன்றாக நனைந்து பதப்பட்டதா என்பதே பெரிது. பூச்சு முடிந்ததும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், ஒரு வாரம் தண்ணீர் நிரப்பி வைத்து மட்டம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவைத் தேடுவது இருட்டில் ஊசி தேடும் வேலை. மட்டம் இறங்கினால் அது கசிவா, ஆவியாதலா என்று பிரித்தறிய ஒரு வாளி போதும்: வாளியில் தண்ணீர் ஊற்றிக் குளத்துப் படிக்கட்டில் பாதி மூழ்க வைத்து, வாளியின் உள்மட்டத்தையும் குளத்தின் மட்டத்தையும் குறித்து ஒரு நாள் விட்டால், வாளியைவிடக் குளத்தில் எவ்வளவு கூடுதலாக இறங்கியதோ அவ்வளவும் கசிவு.

அடுத்து குழாய். பம்ப் தண்ணீரை உறிஞ்சும் அடிவடிகால் எப்போதும் இரண்டாக, குறைந்தது மூன்றடி இடைவெளியில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்து அதை ஒரு குழந்தையின் உடலோ தலைமுடியோ அடைத்தால், பம்பின் முழு உறிஞ்சலும் அங்கேயே குவியும். பெரியவர்கள் இழுத்தாலும் பிரிக்க முடியாது. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி 2002-இல் வெந்நீர்த் தொட்டி ஒன்றில் இப்படித்தான் உயிரிழந்தாள். அவளுடைய தாயின் விடாமுயற்சியால் 2007-இல் அந்நாட்டில் அவள் பெயரிலேயே வடிகால் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இரண்டாவது வடிகாலுக்கும், உடல் ஒட்டி அடைக்காத குவிந்த மூடிக்கும் ஆகும் செலவு மொத்தச் செலவில் கண்ணுக்கே தெரியாது. ஒப்பந்தக்காரர் ஒன்று போதும் என்றால் அவரிடம் வாதாடாமல் வேறு ஒப்பந்தக்காரரைத் தேடுங்கள்.

தண்ணீரை மேற்பரப்பிலிருந்து எடுக்க இரண்டு முறைகள். சுவரில் வாய் போன்ற ஸ்கிம்மர் வைப்பது ஒன்று. விளிம்பு வழிய விட்டுக் கால்வாயில் பிடிப்பது மற்றொன்று. வழியும் குளம் பார்க்க அழகுதான். ஆனால் அதற்கு வழிந்த நீரைத் தாங்கத் தனிச் சமநிலைத் தொட்டி வேண்டும், ஆவியாதலும் கூடும், கட்டுமானமும் நுணுக்கமாக இருக்க வேண்டும். விளிம்பு எங்கேனும் சில மில்லிமீட்டர் மேடு பள்ளமானால் ஒரு பக்கம் மட்டுமே வழியும். வீட்டுக்கு ஸ்கிம்மரே என் தேர்வு. ஆறு மணி நேரத்தில் குளத்து நீர் முழுவதும் ஒருமுறை வடிகட்டியைக் கடந்துவர வேண்டும் என்று வைத்தால், மணிக்கு 6,400 லிட்டர் ஓட்டம் தேவை. அதற்கு 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள மணல் வடிகட்டி பொருந்தும். இரண்டு மடங்கு பெரிய பம்ப் வைத்தால் தண்ணீர் இரண்டு மடங்கு சுத்தமாகும் என்பது தவறு. வேகம் கூடினால் அழுக்கு மணலைத் துளைத்துக்கொண்டு வெளியேறிவிடும். ஒரு எச்.பி. பம்ப் நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 6 யூனிட் மின்சாரம். இரண்டு மாதக் கணக்கீட்டில் 350 யூனிட்டுக்கு மேல் கூடும். நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பதால், இந்தக் கூடுதல் யூனிட்டுகள் வீட்டின் உயர்ந்த கட்டணப் படியிலேயே விழும். வேகம் மாற்றக்கூடிய பம்ப் விலை அதிகம்தான்; ஆனால் வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் மின்திறன் ஏறக்குறைய எட்டில் ஒன்றாகக் குறையும். இரு மடங்கு நேரம் ஓட்டினாலும் மிச்சம் பெரிதே.

பம்ப் அறையைக் குளத்து நீர்மட்டத்துக்குக் கீழே வைத்தால் பம்பில் காற்று புகாது, இது நல்லது. ஆனால் மழை வெள்ளம் முதலில் நிரப்புவதும் அந்தப் பள்ளத்தைத்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட சென்னையில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அறையின் வாயிலை உயர்த்தி, உள்ளே தானாக இயங்கும் சிறு இறைப்பு மோட்டார் வைப்பது நல்லது. மின்சாரத்தில் சமரசமே கூடாது. குளத்து விளக்குகள் 12 வோல்ட். முழுச் சுற்றுக்கும் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.; குளத்தின் கம்பி, ஏணி, கைப்பிடி என உலோகம் அனைத்தும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு எர்த் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

கட்டி முடிந்ததும் வேதியியல் தொடங்குகிறது; அது முடிவதே இல்லை. பலரும் வெறுக்கும் இந்தப் பகுதி உண்மையில் சில எண்களைப் பற்றியதுதான். தண்ணீரில் தனிக் குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம். பி.எச். 7.2 முதல் 7.8. இந்த இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. பி.எச். 7.5 இருக்கும்போது குளோரினில் பாதிதான் கிருமியை வேகமாகக் கொல்லும் வடிவில் இருக்கும். 8-க்குப் போனால் கால் பங்கு அளவுக்குக் குறையும். எவ்வளவு மருந்து போட்டாலும் தண்ணீர் பச்சையாகவே இருக்கிறது என்று புலம்புகிற வீடுகளில் பெரும்பாலும் பி.எச். கைவிட்டுப் போயிருக்கும். நம் குளத்துக்கு 2 மில்லிகிராம் குளோரின் ஏற்ற, 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் 120 கிராம் போதும். கண்ணை உறுத்தும் குளோரின் வாடையும் மருந்து அதிகமானதால் வருவதில்லை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின்களின் வாடை அது. குளிக்காமல் இறங்குகிறவர்களால்தான் அது வருகிறது.

நம் வெயிலில் பாதுகாப்பற்ற குளோரின் சில மணி நேரத்தில் பெரும்பாலும் அழிந்துவிடும். அதைக் காக்கச் சயனூரிக் அமிலம் லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் இருக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் மெதுவாகக் கரையும் டிரைகுளோர் வில்லைகளில் இந்த அமிலமும் கலந்தே வருகிறது, இங்கேதான் சிக்கல். வில்லை 10 மில்லிகிராம் குளோரின் தரும்போது 6 மில்லிகிராம் சயனூரிக் அமிலத்தையும் விட்டுச்செல்கிறது. குளோரின் செலவாகும், அமிலம் தங்கும். நாளுக்கு 2 மில்லிகிராம் குளோரினுக்கு வில்லையையே நம்பினால் மூன்றே மாதத்தில் அமிலம் 100-ஐத் தாண்டி, குளோரினை வேலை செய்ய விடாமல் கட்டிப்போடும். அப்போது பழைய நீரில் பாதியை வெளியேற்றிப் புதுநீர் விடுவதைத் தவிர வீட்டாருக்கு எளிய வழி இல்லை. வசதியான வில்லை, கடைசியில் தண்ணீரையே விலையாகக் கேட்கிறது. வில்லையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ஒரே பாத்திரத்தில், ஒரே அளவுக் கரண்டியில்கூடச் சேரக் கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது. இவற்றைப் பராமரிக்க வரும் தொழிலாளிக்குத் தமிழில் எழுதி அறைச் சுவரில் ஒட்டுவதும், கையுறையும் முகக் கவசமும் வாங்கிக் கொடுப்பதும் வீட்டுக்காரரின் கடமை.

உப்புநீர்க் குளம் என்ற பெயரில் இப்போது விற்பதும் குளோரின் குளமே. லிட்டருக்கு மூன்றரை கிராம் அளவில் உப்பைக் கரைத்து (நம் குளத்துக்கு 134 கிலோ), மின்பகுப்புக் கருவி அதிலிருந்து குளோரினைத் தானே தயாரித்துக்கொள்ளும். வில்லையின் அமிலச் சிக்கல் தீரும். தோலுக்கும் இதமாக இருக்கும். ஆனால் இரும்பை அரிக்கும். வடிகட்டி கழுவிய நீரைச் செடிக்கு விட முடியாது.

இப்போது எல்லாவற்றுக்கும் முதலாக நிற்கும் கேள்வி: தண்ணீர் எங்கிருந்து வரும்? 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. நகரமே வரவேற்ற அந்த ரயிலின் தண்ணீர், நம் கணக்கிலுள்ள குளங்கள் 65-ஐ நிரப்பும் அளவுதான். 2018-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்படுத்தியபோது குளம் நிரப்புவதும் தடைசெய்யப்பட்டது. அந்நகரைப் பற்றி 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, மக்கள்தொகையில் ஏறக்குறைய 14 சதவீதமான வசதி படைத்த குடும்பங்கள் நகரின் வீட்டுத் தண்ணீரில் பாதியைப் பயன்படுத்துவதாகக் கணக்கிட்டது. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்து 5,000 ரூபாய் அபராதமும் அறிவித்தது. குளம் கட்டுகிறவர் எவரும் இத்தகைய ஆண்டு ஒன்று தமக்கும் வரும் என்று எண்ணியே கட்ட வேண்டும்.

முதல் நிரப்பலைவிட, தொடர்ந்து ஊற்றுவதே அதிகம். நாளுக்குச் சராசரி 5 மில்லிமீட்டர் ஆவியானால் 32 சதுர மீட்டர் பரப்பில் 160 லிட்டர் போகும். ஆண்டுக்கு 58,000 லிட்டர், அதாவது ஒன்றரைக் குளம். சித்திரை வெயிலில் இது இன்னும் கூடும். வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவ 300 லிட்டருக்கு மேல் ஆகும். போர்வெல் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். கடலோர மணற்படுகையில் நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே ஏறும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் அப்படி ஏறிய உப்பு பல கிலோமீட்டர் உள்நாட்டுக்கு வந்திருக்கிறது. ஒரு வீட்டின் குளம் தெருவின் கிணறுகளைத் தொடும் விஷயம் இது. தவிர, போர் தண்ணீரின் கடினத்தன்மை டைல்ஸில் வெண்படலமாகப் படியும். இரும்பு இருந்தால் குளோரின் பட்டதும் குளம் முழுக்கத் தேநீர் நிறமாகும்.

இதற்கு விடை கூரையில் இருக்கிறது. சென்னையின் ஆண்டு மழை சராசரி 1,400 மில்லிமீட்டர். 150 சதுர மீட்டர் மொட்டை மாடியில் விழுவதில் ஐந்தில் நாலு பங்கு பிடித்தாலும் 1,68,000 லிட்டர். நம் குளத்தைப்போல நான்கு மடங்கு. 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டதால் குழாய் வசதி பெரும்பாலான வீடுகளில் ஏதோ ஒரு வடிவில் உண்டு. குளத்தின் கட்டுமானம் புரட்டாசிக்குள் முடியும்படி திட்டமிட்டு, முதல் மழையின் அழுக்கை வெளியே விட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையில் குளத்தை நிரப்பலாம். சித்திரையில் குளத்தைத் திறந்து பிள்ளைகளை விளையாட விட வேண்டும் என்ற அவசரத்தில் மாசி, பங்குனியில் டேங்கர் வரவழைப்பதைவிட இது எவ்வளவோ மேல். மழைநீருக்கும் ஒரு குறை உண்டு. அது மிக மென்மையானது. சிமெண்டிலும் டைல்ஸ் இடுக்கிலும் உள்ள சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். ஐந்து கிலோ சமையல் சோடாவும், சோதித்துப் பார்த்துத் தேவையான கால்சியம் குளோரைடும் கலந்தால் அந்தப் பசி அடங்கும். குளத்தைப் பயன்படுத்தாத நேரமெல்லாம் மூடி வைக்கும் விரிப்பு ஆவியாதலின் பெரும்பகுதியைத் தடுக்கும். குளோரினையும் காக்கும், வேப்பிலைச் சருகையும் தடுக்கும். கழுவும் நீரை வீணாக்காத கார்ட்ரிட்ஜ் வடிகட்டியும் இருக்கிறது. மூடி வாங்கப் பணமில்லை என்று சொல்லி விளக்குக்குப் பணம் செலவழிக்கும் வழக்கம் எனக்குப் புரிந்ததேயில்லை.

உயிரைப் பற்றிப் பேச வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2021-இல் மட்டும் உலகில் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளே அதில் மிகப் பெரிய பங்கு. மூழ்கும் குழந்தை கத்துவதில்லை, கையை ஆட்டி உதவி கேட்பதில்லை. அடுத்த அறையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. ஒரு தொலைபேசி அழைப்பு முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளத்தைச் சுற்றி 1.2 மீட்டர் உயர வேலியும், தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவும் சட்டப்படி கட்டாயம். பிரான்சில் 2003 ஜனவரியில் வந்த சட்டம் வேலி, மூடி, எச்சரிக்கைக் கருவி, கூடாரம் இவற்றுள் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் மதில் சுவரே வேலி என்று நினைத்துவிடுகிறோம். ஆபத்தில் இருப்பது மதிலுக்கு உள்ளே வளரும் குழந்தைதான். வீட்டு வேலைக்கு வருபவர் கூட்டிவரும் குழந்தையும் விருந்துக்கு வந்த உறவினர் குழந்தையும்தான். ஆகவே வேலி வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவே வேண்டும். கதவு குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும். அருகில் ஏறி நிற்க நாற்காலியோ தொட்டிச் செடியோ இருக்கக் கூடாது. வேலி அழகைக் கெடுக்கும் என்று வாதாடும் வடிவமைப்பாளரின் பேச்சை இந்த ஒரு விஷயத்தில் ஏற்கவே கூடாது. வீட்டில் பெரியவர் ஒருவராவது நெஞ்சழுத்த முதலுதவியைக் கற்றிருக்க வேண்டும்.

சில கேள்விகளுக்குச் சுருக்கமாகவே பதில் போதும். மொட்டை மாடியில் குளம்? நாலடித் தண்ணீர் மட்டுமே சதுர மீட்டருக்கு 1,200 கிலோ. மொட்டை மாடித் தளம் பொதுவாக 150 கிலோ பாரத்துக்கே வடிவமைக்கப்படுகிறது. தொடக்கத்திலேயே தூண்களைக் கணக்கிட்டுக் கட்டிய வீட்டில் முடியும். இருக்கும் வீட்டின் மேல் சேர்ப்பது உயிரோடு விளையாடுவது. வாஸ்து? ஈசானிய மூலை, அதாவது வடகிழக்கு என்பார்கள். நம்புகிறவர்கள் அங்கேயே வைக்கலாம். ஆனால் அதே மூலையில் கிணறோ சம்ப்போ செப்டிக் டேங்க்கோ இருந்தால் எது எதைத் தொடுகிறது என்று பார்த்தாக வேண்டும். மருந்தே இல்லாமல் செடிகள் சுத்திகரிக்கும் இயற்கைக் குளம்? ஆஸ்திரியாவில் 1980-களில் பரவத் தொடங்கிய நல்ல யோசனை; நீந்தும் பரப்புக்கு ஈடான பரப்பில் செடிப் படுகை வேண்டும், நம் வெப்பத்தில் பாசி வேகமாக வளரும், கொசுவுக்கு மீன் விட வேண்டும். இடமும் பொறுமையும் உள்ளவர்கள் முயலலாம். ஊட்டி, கொடைக்கானல் தவிர வேறெங்கும் வெந்நீர்க் கருவிக்கு அவசியமில்லை. சமவெளியில் மதியநேரத்து நிழலே முக்கியம்.

ஒப்பந்தம் முடியும்போது சாவியோடு சேர்த்து வாங்க வேண்டியவை இரண்டு: பூமிக்குள் குழாய்கள் போன வழியை அளவுகளோடு காட்டும் வரைபடம், கான்கிரீட் போடும் முன் எடுத்த கம்பிக் கட்டின் படங்கள். பத்தாண்டு கழித்துக் கசிவு வந்தால் தரையைத் தோண்டாமல் காப்பாற்றுவது அந்த இரண்டு காகிதங்கள்தான்.

பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போனபின் குளம் கேட்பாரற்றுக் கிடப்பது பல வீடுகளில் நடக்கிறது. மருந்து நின்ற சில நாட்களில் பாசி, அடுத்து கொசு. சென்னையில் டெங்கு, மலேரியாவோடு மாநகராட்சியின் அபராத நோட்டீஸும் வரும். அப்படியொரு நிலையில் காலி செய்து போடுவது, முன்னே சொன்ன மிதக்கும் கணக்கின்படி, மோசமான முடிவு. மணல் கொட்டி மூடுவது நல்ல கான்கிரீட்டை வீணடிப்பது. கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்டு மேலே ஆர்.சி.சி. மூடி போட்டு, ஆள் இறங்கும் வாயில் வைத்து, கொசு புகாத வலை கட்டி, மாடிக் குழாய்களை வடிகட்டி வழியாக அதில் திருப்பினால், 38,000 லிட்டர் மழைநீர்த் தொட்டி தயார். நாலு பேர் உள்ள குடும்பம் நாளொன்றுக்கு 500 லிட்டர் செலவிட்டால் இரண்டரை மாதத்துக்கு வரும். இந்த மாற்றத்துக்கு வேண்டிய மாடிக் குழாயின் இணைப்பையும், மூடியைத் தாங்கும் விளிம்பையும் கட்டும்போதே வைத்துவிடச் சொல்லிப் பொறியாளரிடம் கேட்பவர்கள் மிகச் சிலர். அப்போது கேட்டால் கூடுதல் செலவு அதிகம் இல்லை.